பதினாலாம் நம்பரில் மஸ்கட்

“முடிச்சிட்டேன்மே! நீ வர்றதுக்குள்ளாற நானே முடிச்சிட்டேன்.”

கல்லூரியில் பிராக்டிகல் முடிந்து, பஸ் நிற்பதற்குள் குதித்து, ஓட்டமும் நடையுமாக பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்த என்னைப் பார்த்து என் அண்ணன் குமரேசன் சொன்ன முதல் வார்த்தை இது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால். மஸ்கட்டில் ஒரு துணி ஆலைக்கு லூம் மெக்கானிக் வேலைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. தபாலில் அனுப்பினால் பிரிக்க மாட்டோம், இன்டர்நெட் வழியாக மட்டும்தான் என்று விளம்பரத்தில் கறாராகப் போட்டிருந்தார்கள்.

நகரியிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்திருந்தான் அண்ணன். எண்ணெய் வைத்துத் தலை வாரி, சட்டையை இன் பண்ணி, கம்பெனிக்காரன் திரைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் பாதி தின்ற சமோசா.

“எல்லாத்தையும் ரொப்பினியா?”

“ஒரு எடம் வுடல. இன்னா இன்னா கேக்குறானுங்க தெரியுமா? ஒயரம் கேக்குறான். சரி, தறி ஒயரத்துக்கு ஆள் வோணும்ல? நெறம் கேக்குறான்.”

“நெறமா?”

“அங்க வெயிலு ஜாஸ்தி. தாங்குவானான்னு பாக்கறானுங்க போல. அப்புறம் நட்சத்திரம் கேட்டான். ரோகிணின்னு போட்டேன்.”

மஸ்கட்காரனுக்கு என் அண்ணனுடைய நட்சத்திரம் எதற்கு?

இதற்கு மேல் சொல்வதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கருப்புத் திரை

இந்தத் தொடரில் போன வாரம், டெலிபோன் லைனில் இன்டர்நெட்டைப் பிடித்துத் தரும் மோடம் போடும் சத்தத்தை, கோழியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கியதுபோல இருக்கும் என்று எழுதிவிட்டேன். அது கோழி இல்லை, தண்ணீர் வராத முனிசிபல் குழாய் இருமுவது என்று வேலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி.

அந்த சென்டரை நடத்தியவர் பாஸ்கர் அண்ணன். சித்தூர்க்காரர். அதற்கு முன் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஊரெல்லாம் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பேசுவதைவிட டைப் அடிப்பது மலிவாகப் போகிறது என்று யாரோ அவரிடம் சொல்ல, பூத்தின் கண்ணாடிக் கூண்டை உடைத்துவிட்டு ஐந்து கம்ப்யூட்டர் போட்டார்.

ஐந்தில் ஒன்றுதான் எல்லோரும் கற்பனை செய்கிற கம்ப்யூட்டர். கலர், மவுஸ், படம் எல்லாம் உண்டு. அதற்குப் ‘படக் கம்ப்யூட்டர்’ என்று பெயர். மற்ற நான்கும் ரேணிகுண்டாவில் மூடிப்போன ஒரு ஆபீசிலிருந்து மொத்தமாக ஏலத்தில் எடுத்தவை. கருப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. மாணவர்களுக்கென்று மலிவாகக் கொடுத்த ஒரு இணைப்பை அந்த நான்குக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். அதில் எழுத்து மட்டும் வரும். படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘இமேஜ்’ என்று ஒரே ஒரு சொல் வரும். அவ்வளவுதான்.

முதல் தடவை வருகிறவர்கள் முகம் சுருங்கும். “டிவி ரிப்பேரா?” என்பார்கள். மகன் அமெரிக்காவிலிருந்து குழந்தையின் போட்டோவைப் போட்டிருக்கிறான் என்று ஆசையாக வந்த ஒரு மாமி, திரையில் ‘இமேஜ்’ என்ற சொல்லையே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “அப்படியே அவங்க அப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

எனக்கு மட்டும் அந்தக் கருப்புத் திரை மேல் வெறி. அப்போது இருபது வயது, கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருடம், எதையும் பொறுமையாகச் செய்ய வராது. படக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வரலாம். கருப்புத் திரையில் தட்டினால் வந்து நிற்கும். ‘ஜி’ அழுத்தினால் எந்த அட்ரஸ் என்று கேட்கும். ‘ஏ’ அழுத்தினால் அட்ரஸைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ‘வி’ அழுத்தினால் சேர்த்து வைத்த பட்டியல் முழுக்க நம்பர் போட்டு வரும். நம்பரை அடித்து என்டர் தட்டினால் நேராக அந்தப் பக்கம்.

கல்லூரி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு உதவுவேன். அதனால் பட்டியல் என் பொறுப்பானது. இணையதளத்தின் பெயரைப் போட்டால் யாருக்கும் புரியாது என்று ஆட்களின் பெயரையே போட்டேன். மூன்றாம் நம்பர் ரேணிகுண்டா ஃபிட்டர், மகன் டல்லாஸில். ஐந்தாம் நம்பர் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரர், வளைகுடாவில் மாம்பழக் கூழ் யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்பவர். இப்படி பத்தொன்பது பேர். எல்லோரும் அந்த அட்ரஸ் தங்கள் சொந்தச் சொத்து என்றே நினைத்தார்கள். “என் அட்ரஸ்ல வேற யாராவது பூந்தாங்களா?” என்று மண்டிக்காரர் தினமும் கேட்பார்.

எட்டு யாருக்கும் வேண்டாம்

நம்பர் என்று ஒன்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதைக் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். லாரி நம்பரைக் கூட்டுவார்கள், ஸ்கூட்டர் நம்பரைக் கூட்டுவார்கள், வீட்டுக் கதவு எண்ணைக் கூட்டுவார்கள். எட்டு வந்தால் சனி. அந்த வண்டியை மாமனாருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பட்டியலில் எட்டாம் இடம் வந்தபோது மூன்று பேர் மறுத்தார்கள். கடைசியில் யூனிவர்சிட்டி அரியர் ரிசல்ட் பக்கத்தை அங்கே போட்டேன். ஏற்கெனவே சனி பிடித்தவர்கள்தான் அதைத் திறப்பார்கள். யாரும் புகார் சொல்லவில்லை.

அண்ணனின் மஸ்கட் படிவத்துக்குக் கிடைத்தது பதினாலு. ஒன்றும் நாலும் ஐந்து, புதன், வியாபாரம், வெளிநாடு. அவனாகவே கூட்டிப் பார்த்துக் குதித்தான். “பதினாலும்மே! மறக்கவே மறக்காது” என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு நகரிக்குப் போனான்.

அவனுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். நகரியில் அவன் வேலை செய்த பவர்லூம் ஷெட்டின் முதலாளி, தறிகளை ஒவ்வொன்றாக இரும்பு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வருகிற துணி இவர் போடுகிற நூலைவிட மலிவு. பன்னிரண்டு தறியில் மிச்சம் நாலு. அந்த நாலில் ஒன்று, நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா ஓட்டியது. தறியைக் கழற்றி லாரியில் ஏற்றுவது மெக்கானிக்கான அண்ணனின் வேலை. மாசக் கடைசியில் நைனாவின் தறியையும் அவன்தான் கழற்ற வேண்டும். “அதுக்கு முந்தி நான் எங்கனா பூடணும் சுமதி” என்று ஒரு தடவைதான் சொன்னான். அதற்கப்புறம் நான்தான் அவனைவிட அதிகமாகப் பேப்பர் விளம்பரங்களைத் தேடினேன்.

மாஸ்டாருக்கு ஒரு நல்ல நம்பர்

கடைசி நாள் காலை, கல்லூரிக்குப் போகும் வழியில் சென்டருக்குள் எட்டிப் பார்த்தேன். சிவராம மாஸ்டாரு மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தெலுங்கு மீடியம் ஹெட்மாஸ்டர். ஒரே மகளுக்கு இன்டர்நெட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத் தகவல் தளத்தில் பெண்ணைப் பதிவு செய்ய நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார். பதிவுப் படிவத்தின் அட்ரஸை முந்தின நாள் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். விழுந்த இடம் பதினேழு.

“பதிஹேடா? ஏமம்மா, ஒகட்டி ப்ளஸ் ஏடு எந்த? எனிமிதி! எட்டு! நா கூதுருக்குச் சனி பட்டியலிலேயே மாப்பிள்ளை பாக்கணுமா?”

“வேற எந்த நம்பர் வேணும் மாஸ்டாரு?”

“அஞ்சு கூட்டுத்தொகை. புதன்தான் நல்லது.”

கூட்டினால் ஐந்து வருகிற இடங்கள் ஐந்தும் பதினாலும்தான். ஐந்தில் மண்டிக்காரர். அவரை நகர்த்தினால் சென்டரின் கூரையை நகர்த்திவிடுவார். பதினாலில் என் அண்ணன். அண்ணன்தானே, சண்டைக்கா வரப்போகிறான், பதினைந்துக்குத் தள்ளிவிட்டு அவன் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்லூரி பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எழுத்தாளர்கள் யோசித்துச் செய்வார்களாமே, நான் பஸ் ஹாரனுக்குச் செய்கிறவள்.

பட்டியல் ஃபைலைத் திறந்து, பதினேழாவது வரியை வெட்டி, பதினாலில் ஒட்டினேன். அந்த எடிட்டர், இருக்கிற வரியைக் கீழே தள்ளி இடம் கொடுக்கும் ஜாதி இல்லை. இருப்பதன் மேலேயே எழுதிவிடும் ஜாதி. எனக்கு அது தெரியும். விரலுக்குத்தான் அந்த நேரத்தில் தெரியவில்லை.

மாஸ்டாரு பதினாலு என்று பார்த்து, “சல்லகா உண்டம்மா” என்று வாழ்த்திவிட்டு, நல்ல நேரம் புதன்கிழமைதான் என்று வீட்டுக்குப் போய்விட்டார். நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

எதிர்பார்ப்பு

இனி நாலேகால் மணிக்குத் திரும்புவோம்.

அண்ணனைத் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தேன். மேலே மூன்று ‘இமேஜ்’. அந்த இடத்தில் படக் கம்ப்யூட்டராக இருந்தால் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி சிரித்துக்கொண்டிருந்திருக்கும். கருப்புத் திரையில் கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஒரே முகம். பெயர், வயது, படிப்பு, பக்கத்தில் ஒரு காலி இடம். கீழே நன்றி சொல்லி ஒரு வரி: உங்கள் விவரம் கிடைத்தது, இனிய மணவாழ்க்கைக்கு வாழ்த்துகள்.

“அண்ணா, இதப் படிச்சியா?”

“படிச்சேன். ஃபேமிலி விசாவும் குடுப்பானுங்க போல.”

அவன் முகத்தில் அவ்வளவு திருப்தி. நான் பின்னோக்கி அம்பை அழுத்தி, அவன் நிரப்பியதை வாசித்தேன். ‘உங்களைப் பற்றி’ என்ற இடத்தில், எல்லா வகைத் தறியையும் கழற்றி மாட்டுவேன், எந்த ஷிஃப்டுக்கும் தயார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ‘எதிர்பார்ப்பு’ என்ற இடத்தில்: இரண்டு வருட ஒப்பந்தம், சாப்பாடும் ரூமும் இலவசம், வருடத்துக்கு ஒரு மாத லீவு, போக வர விமான டிக்கெட்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் மூக்கு வழியாக வந்தன.

“இன்னாமே ஆச்சு?”

“அண்ணா, இது மஸ்கட் இல்ல. மாஸ்டாரு பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கற எடம்.”

சமோசா நின்ற இடத்தில் நின்றது. அண்ணன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பேனா எழுத்து பாதி அழிந்திருந்தாலும் பதினாலுதான்.

“பதினாலுதானே சொன்ன?”

“சொன்னேன்.”

“பதினாலத்தானே அமுக்கினேன்?”

“தப்பு என்னுதுண்ணா. காலையில மாத்திட்டேன்.”

திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நாலு இருபது.

பட்டியலைத் திறந்தேன். பதினாலு மாஸ்டாரு. பதினைந்து யாரோ. மேலும் கீழும் ஓடினேன். மஸ்கட் எங்கேயும் இல்லை. என் கையாலேயே மேலே எழுதி அழித்திருக்கிறேன்.

“விளம்பரம் எங்கண்ணா? பேப்பர் கட்டிங்கு?”

“நைனா சட்டைப் பையில. ஷெட்டுல எல்லாருக்கும் காட்டிக்கினு கீறாரு.”

நகரி ஒரு மணி நேரத்துக்கு மேல். ஷெட்டில் போன் கிடையாது. படக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தது.

பெயரில்லாத கதவுகள்

தேடல் தளத்தைத் திறந்து, மஸ்கட், துணி, வேலை என்று ஆங்கிலத்தில் அடித்தேன். கொட்டியது ஆயிரக்கணக்கில். முதல் பக்கத்தில் கடலோர ஓட்டல்கள், விமான நேரம், மூன்றாவது இடத்தில் மஸ்கட் அல்வா செய்முறை.

“அல்வா வேணாம்மே” என்றான் அண்ணன், மிகவும் நிதானமாக.

பாஸ்கர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். விஷயம் கேட்டார். “அட்ரஸ் கொஞ்சங்கூட ஞாபகம் இல்லியாம்மா?”

தலை ஞாபகம் இருந்தது. கம்பெனி பெயர். வால்தான் இல்லை. அந்த வாலில் நாலைந்து சாய்வுக் கோடும் ஒரு கேள்விக்குறியும் அதற்கப்புறம் ஒரு மைல் நீளத்துக்கு எண்ணும் இருந்தன. வால் போனால் என்ன, தலையைப் பிடித்தால் உடம்பு உள்ளே வராமலா போகும்? ‘ஜி’ அழுத்தித் தலையை மட்டும் அடித்தேன்.

கம்பெனியின் முதல் பக்கம் வந்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான பக்கத்தைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை இல்லை. ‘இமேஜ்’. அதன் கீழே ‘இமேஜ்’. அதன் பக்கத்தில் ‘இமேஜ்’. கம்பெனிக்காரன் எல்லாப் பொத்தானையும் படமாகவே போட்டிருக்கிறான். பெயர்ப் பலகை இல்லாத கதவுகள் வரிசையாக நிற்கின்றன. எந்தக் கதவுக்குப் பின்னால் வேலை?

“முதல் கதவத் தட்டு” என்றார் பாஸ்கர் அண்ணன்.

தட்டினேன். சேர்மன் எழுதிய வரவேற்புரை. நீளம். அண்ணன் பக்தியோடு படிக்க ஆரம்பித்தான். நான் வெளியே வந்தேன். அடுத்த கதவு. உள்ளே இன்னும் ஐந்து ‘இமேஜ்’. மறுபடி வெளியே. மூன்றாவது கதவில் கை வைத்தபோது திரை உறைந்தது.

“லைன் கட்டு!” என்று அலறினேன்.

சென்டருக்கும் மாடியில் பாஸ்கர் அண்ணன் வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். நாலரைக்கு அவர் மனைவி சித்தூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட ரிசீவரைத் தூக்குவார். தூக்கினால் இங்கே இன்டர்நெட் செத்துவிடும். தினமும் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் பாஸ்கர் அண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனார். அங்கே நடந்த பேச்சுவார்த்தை கீழே நன்றாகக் கேட்டது.

“ஒரு பையன் வாழ்க்கடி!”

“எங்க அம்மாவுக்கு மட்டும் வாழ்க்க இல்லியா?”

“அஞ்சு மணி வரைக்கும், அஞ்சே அஞ்சு மணி வரைக்கும்!”

“அஞ்சு மணிக்கு அவங்க கோயிலுக்குப் பூடுவாங்க!”

கடைசியில் அவர் ரிசீவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். நான் நம்புகிறேன். கீழே மோடம் மறுபடி இரும ஆரம்பித்தது. நாலு நாற்பத்தெட்டு.

கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தால் விடியாது. அண்ணன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் பேசவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது, விற்ற தறியை லாரியில் ஏற்றிவிட்டு வந்து உட்காரும்போதுதான்.

அப்போதுதான் ‘எல்’ நினைவு வந்தது. யாருமே பயன்படுத்தாத சாவி. அதை அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் எங்கே போகிறது என்று அட்ரஸை மட்டும் வரிசையாகக் காட்டும். கதவில் பெயர் இல்லாவிட்டால் என்ன, கதவுக்குப் பின்னால் இருக்கும் சந்தின் பெயர் தெரிந்தால் போதாதா?

அழுத்தினேன். அட்ரஸ்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றின் வாலில் ‘சேர்மன்’. ஒன்றில் ‘ப்ராடக்ட்’. கடைசிக்கு முந்தினதில் ‘ரெக்ரூட்’.

“இது! அண்ணா, இதுதான்!”

நம்பரை அடித்தேன். படிவம் வந்தது. பெயர், பாஸ்போர்ட், எத்தனை வருட அனுபவம், எந்தெந்த வகைத் தறி.

அண்ணன் குனிந்து சந்தேகமாகப் பார்த்தான். “நட்சத்திரம் கேக்குறானா?”

“இல்ல.”

“நெறம்?”

“கேக்கல.”

“அப்ப இதான் கம்பெனி. அடி.”

அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் விரல்கள் அன்று போல் என்றும் ஓடியதில்லை. இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தவில்லை. எதிர்பார்ப்பு என்று ஒரு கட்டம் இங்கேயும் இருந்தது. அண்ணன் ஒரு கணம் தயங்கி, “எது குடுத்தாலும் சரின்னு போடு” என்றான். நான் அப்படிப் போடவில்லை. கல்யாணத் தளத்தில் போட்டதையே அப்படியே போட்டேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என்டர் தட்டினேன். கிடைத்தது என்று பதில் வந்தது. பாஸ்கர் அண்ணனுக்குக் கேட்கும்படி மாடியைப் பார்த்துக் கத்தினேன். மேலே யாரோ உடனே டயல் செய்யும் சத்தம்.

மஸ்கட்டில் அப்போது மணி மூன்றரைதான், இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது என்பது எனக்கு அடுத்த நாள் தெரிந்தது. பாஸ்கர் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. ரிசீவர் மேல் உட்கார்ந்த மனிதர்.

புதன்கிழமை மாஸ்டாரு வந்து மகளைப் பதிவு செய்தார். அடுத்த வாரம் வந்த வரன்களைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“எவரம்மா ஈ அப்பாயி, யாரு இந்தப் பையன்? நகரியாம். ரெண்டு வருஷம் காண்ட்ராக்டாம், வருஷத்துக்கு ஒரு மாசம் லீவாம்! பொண்டாட்டி இவனுக்கு லீவு வேற சாங்ஷன் பண்ணணுமா?”

நான் மோடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிபந்தனைகளுக்கும் மூன்று பெண் வீட்டார் சம்மதம் தெரிவித்து அண்ணனுக்கு எழுதியிருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

படம் வந்தது

மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. சென்னையில் இன்டர்வியூ, பழைய தறி ஒன்றைப் பிரித்து மாட்டச் சொன்னார்களாம், மாட்டிவிட்டான். மாசக் கடைசிக்குள் விமானம் ஏறினான். நைனாவின் தறியை வேறு யாரோ கழற்றினார்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து முதல் மெயில். ஆங்கில எழுத்தில் அடித்த நகரித் தமிழ். “சுமதி, இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல படம் வருது. கம்பெனி பக்கத்தத் தொறந்து பாத்தேன். அன்னிக்கு நாம பாத்தோமே மொதல் பக்கம், அதுல பெரிய போட்டோ கீது. நீயும் பாரு.”

படக் கம்ப்யூட்டர் அப்போது திரும்பி வந்திருந்தது. போய் உட்கார்ந்து திறந்தேன். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் நீலம். நல்ல நீலம். ரொம்ப நேரம் நீலமே வந்தது. அப்புறம் மஞ்சள். அது மணல். மணலுக்குப் பிறகும் மணல். பாதிக்கு மேல் இறங்கிய பிறகு நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு தகர ஷெட், சுற்றி முள்கம்பி. ஒரு செடி இல்லை. நாங்கள் தட்டித் தட்டித் திறந்த அத்தனை கதவுகளும் அந்த மணலின் மேல்தான் ஒட்டியிருந்தன.

எனக்கு அவனைத் தெரியும். அன்றைக்கு இதைப் பார்த்திருந்தால், “வேணாம்மே” என்று எழுந்து நகரி பஸ்ஸைப் பிடித்திருப்பான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்து அழித்தேன். கடைசியில் உள்ளதை எழுதினேன்: “அன்னிக்குப் படக் கம்ப்யூட்டர் இருந்திருந்தாலும் உன்னக் கருப்புத் திரை முன்னாடிதான் குந்த வச்சிருப்பேன்.”

மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. “தெரியும்மே. சாப்பாடு நல்லா கீது. நைனாவுக்கு மட்டும் அந்தப் பக்கத்தக் காட்டாத.”

சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா நகரியிலிருந்து வந்து இறங்கினார். துவைத்த வேட்டி. சட்டைப் பையில் இன்னும் அந்த விளம்பரக் கட்டிங். மகன் வேலை செய்கிற இடத்தை இன்டர்நெட்டில் காட்டு என்றார். படக் கம்ப்யூட்டர் காலியாகத்தான் இருந்தது. நான் அவரை ஓரத்திலிருந்த கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

பக்கம் வந்தது. நைனா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அவர் கண்ணில் பட்டுவிட்டது. திரையில் விரல் வைத்தார்.

“இன்னாது இது?”

“படம் நைனா. இதுல தெரியாது. படம் இருக்கற எடத்துல அப்படித்தான் எழுதும்.”

“எதோட படம்?”

பாஸ்கர் அண்ணன் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார்.

“தென்ன மரம்” என்றேன்.

நைனா விரலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு வந்தது. நாற்காலியில் சாய்ந்தார்.

“ஏழு தென்ன வச்சிக்கினு கீறான்னா தண்ணி கஷ்டம் இல்ல” என்றார்.